சாமை தெரியாத யந்திரம்

விவசாயிக்கு யோசனை சொல்வதைப் போலச் சுலபமான காரியம் இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. யோசனை பலித்தால் சொன்னவனுக்குப் பெருமை. பலிக்காவிட்டால் பட்டினி கிடப்பவன் விவசாயி. இந்த ஏற்பாட்டில் உள்ள சௌகரியத்தைக் கண்டுகொண்டதால்தான், ஏர் பிடித்தறியாதவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாக அவனுக்கு யோசனை சொல்லி வந்திருக்கிறார்கள். முதலில் துரைமார்கள் சொன்னார்கள். பிறகு மந்திரிகளும் அதிகாரிகளும் சொன்னார்கள். பூச்சிமருந்துக் கடைக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் போலக் கதை எழுதுகிறவர்கள்கூட, நாவலில் ஒரு கிராமத்தை வைத்துவிட்ட தைரியத்தில், சொல்லாமல் விட்டதில்லை. இப்போது அந்த வரிசையில் புதிதாக ஒரு யந்திரம் வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர்.

அது யோசனை சொல்லும் அழகை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது ஜவ்வாது மலையில்.

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். ஆவணி மாதம். மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைவாசிகளின் நாடு அது. கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையில் வாழ்கிறவர்கள் என்பதுதான் பொருள்; பேசுவது நம் தமிழ். ஒரு சரிவில், கல் பொறுக்கிக் கட்டிய வரப்புக்குள், சாமைப் பயிர் முழங்காலுக்குக் கீழே நின்றது. அங்கங்கே நடுக்குருத்து மட்டும் காய்ந்து, பக்கத்து இலைகள் பச்சையாக இருந்தன. பத்தொன்பது, இருபது வயது இருக்கும் ஒரு பையன், செல்போனைக் குருத்துக்கு நேரே பிடித்துப் படம் எடுத்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் படித்துக் காட்டினான்:

“ஆயா, இது நெல்லுல தண்டுப் புழுவாம். மருந்துப் பேரு போட்டிருக்குது. ஏக்கருக்கு எவ்வளவுன்னும் போட்டிருக்குது.”

கிழவி சிரிக்கவில்லை. நிஜமாகவே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“நெல்லு எங்கடா இருக்குது இங்க?”

பையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிழவி என்னைப் பார்த்தாள். “ஈ முட்டை வைக்குது சாமி. குருத்து காஞ்சுபோவுது. தாமசமா விதைச்சா இப்படித்தான். மேல் கொல்லையில முன்னமே விதைச்சது நல்லா இருக்குது, போயிப் பாருங்க.”

“இங்கே ஏன் தாமதம்?” என்று கேட்டேன்.

“உழுறதுக்கு ஆள் ஏது? இவன் அப்பன் கூலிக்குப் போனவன், வந்து சேர ஆடி கடைசி ஆயிடுச்சு.”

“கூலிக்கு ஏன் போகவேண்டும்? சாமை இருக்கிறதே?”

“சாமையை வித்தா என்ன வருது சாமி?”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததையெல்லாம் அந்தக் கிழவி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சாமைக்கு வந்த நோய்க்குக் காரணம் ஈ. ஈ வந்ததற்குக் காரணம் தாமதமான விதைப்பு. அதற்குக் காரணம் வீட்டில் ஆள் இல்லாதது. ஆள் இல்லாததற்குக் காரணம் சாமைக்கு விலை இல்லாதது. விலையில் வந்த நோய் குருத்தில் வந்து தெரிகிறது. யந்திரம் குருத்தை மட்டும் படம் பிடித்தது. அதையும் நெல் என்று நினைத்துக்கொண்டது.

இதைச் சொன்னதும், ‘இந்த எழுத்தாளருக்கு யந்திரம் என்றாலே ஆகாது’ என்று சிலர் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி இல்லை. நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. ஆந்திரத்தில் கர்நூல் மாவட்டத்தில் 2016-ஆம் வருஷம், மைக்ரோசாப்ட் கம்பெனியும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, 175 நிலக்கடலை விவசாயிகளுக்கு எப்போது விதைக்கலாம் என்று தெலுங்கில் செய்தி அனுப்பினார்கள். மகசூல் சராசரி 30 சதவீதம் கூடியது என்று கணக்குக் கொடுத்தார்கள். 2025-ல் மத்திய சர்க்கார், இந்தப் புதிய முறையில் கணித்த பருவமழைச் செய்தியை 13 மாநிலங்களில் சுமார் 3 கோடியே 80 லட்சம் விவசாயிகளுக்கு அனுப்பியது. மழை தொடங்கிவிட்டு நடுவே சில வாரங்கள் தயங்கி நின்றதே, அதையும் அந்தக் கணிப்பு முன்கூட்டியே சொன்னது. விதையை மண்ணில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவனுக்கு இது சின்ன உபகாரம் இல்லை. இதைக் குறை சொல்கிறவன் மூடன்.

ஆனால், நிலக்கடலையை அறிந்த யந்திரம் சாமையையும் அறிந்திருக்கும் என்று நினைக்கிறவனும் மூடன்தான்.

இந்த யந்திரம் எப்படிக் கற்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் மாயம் ஒன்றும் இல்லை. ‘இது தக்காளி இலை, இதற்கு இன்ன நோய்’ என்று பெயர் எழுதிய படங்களை ஆயிரக்கணக்கில் அதற்குக் காட்டுகிறார்கள். பார்த்துப் பார்த்து அது பழகிக்கொள்கிறது. காட்டியதை அறியும், காட்டாததை அறியாது. காட்டாத ஒன்றை நாம் கொண்டுபோய் நீட்டினால், தனக்குத் தெரிந்தவற்றில் எது அதைப் போல் இருக்கிறதோ, அதன் பெயரைச் சொல்லும். குருத்து காய்ந்த சாமை, குருத்து காய்ந்த நெல்லைப் போல் இருந்தது. சொல்லிவிட்டது.

பயிர் நோயைப் படம் பார்த்துச் சொல்லும் இந்த வித்தைக்கு உலகமெங்கும் பாடப் புத்தகம் போலப் பயன்பட்ட ஒரு படத் தொகுதி இருக்கிறது. அமெரிக்காவில் ‘பிளான்ட்வில்லேஜ்’ என்ற பெயரில் தொகுத்தது. அதை வைத்து யந்திரத்தைப் பழக்கிய முடிவுகளை 2016-ல் வெளியிட்டார்கள். சுமார் 54 ஆயிரம் படங்கள்; 14 பயிர்கள்; 26 நோய்கள். ஆப்பிள் இருக்கிறது, திராட்சை இருக்கிறது, ஸ்ட்ராபெரி இருக்கிறது, ஆரஞ்சும் பீச்சும் இருக்கின்றன. உருளைக்கிழங்கும் தக்காளியும் மக்காச்சோளமும் உண்டு. நெல் இல்லை. கேழ்வரகு இல்லை. சாமை இல்லவே இல்லை. அந்தத் தொகுதிக்குள்ளேயே பரீட்சை வைத்தபோது யந்திரம் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழ்நிலையில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31 சதவீதம்தான் தேறியது. இந்த இரண்டாவது எண்ணை மறைக்காமல் எழுதியவர்களும் அந்த ஆராய்ச்சியாளர்களேதான். அவர்களுடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் மேடைகளில் முழங்குகிறவர்களின் வாயில் முதல் எண் மட்டுமே வருகிறது.

பதினான்கு பயிர்ப் பட்டியல் என்றதும் எனக்கு இன்னொரு பதினான்கு ஞாபகம் வந்தது. அது அமெரிக்கப் பட்டியல் இல்லை. நம்முடைய சொந்தப் பட்டியல். மத்திய சர்க்கார் ஒவ்வொரு வருஷமும் மழைக்காலப் பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறதே, 2025-ஆம் வருஷத்து அறிவிப்பில் அதுவும் 14 பயிர்தான். நெல், சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு என்று தொடங்கிப் பருத்தி வரையில் போகிறது. அதிலும் சாமை இல்லை; தினை இல்லை; வரகு இல்லை. இத்தனைக்கும் 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டு வாங்கியதே நம் தேசம்தான். சத்தீஸ்கர் மாநில அரசு, அங்கே குட்கி என்று சொல்லப்படும் இதே சாமைக்குத் தன் பொறுப்பில் ஒரு ஆதரவு விலை வைத்தது. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆக, யந்திரத்தை மட்டும் குருடு என்று சொல்வது நியாயமில்லை. சாமையைக் கணக்கில் சேர்க்க மறந்த பேனா நம்முடையது. அந்தப் பேனா எழுதிய உலகத்தைத்தான் யந்திரம் படித்திருக்கிறது. நம்முடைய மறதியை அது மனப்பாடம் செய்துகொண்டு, நமக்கே திருப்பி ஒப்பிக்கிறது.

இந்த மறதிக்கு வயது அறுபது ஆகிறது. 1966-ல் ஐ.ஆர். 8 நெல் வந்தது. பசுமைப் புரட்சி வந்தது. பஞ்சத்துக்குப் பயந்து நின்ற தேசத்துக்கு அது சோறு போட்டது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் புரட்சி வாய்க்கால் பாயும் இடத்தோடு நின்றுவிட்டது. மலைக்கு ஏறவில்லை. மலைக்கு ஏறி வந்தது ரேஷன் அரிசிதான். 2011-லிருந்து தமிழ்நாட்டில் அது இலவசம். பசித்தவன் வீட்டுக்கு அரிசி வந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாமையின் கதை வேறு. அதன் உமி லேசில் போகாது. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்துச் சோறாக்குவது முழுக்கப் பெண்களின் பாடு. இனாமாக வரும் அரிசியை விட்டுவிட்டு அந்தப் பாட்டை யார் படுவார்கள்? சாமை வீட்டுச் சோறு என்ற நிலையிலிருந்து இறங்கி, விற்கிற சரக்கு ஆயிற்று. சரக்கு ஆன பிறகு விலை வேண்டாமா? மூட்டையாக மலையிறங்கும்போது அதற்கு ஒரு விலை. உமி நீங்கி, பட்டணத்தில் அழகான பைக்குள் புகுந்து, சர்க்கரை வியாதிக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது வேறு விலை. சமீப வருஷங்களில் மலைவிவசாயிகளின் கம்பெனி வந்திருக்கிறது. உமி நீக்கும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. சந்தோஷம். மாநில சர்க்காரின் சிறுதானிய இயக்கமும் 2023-லிருந்து நடக்கிறது. ஆனால் கிழவியின் மகன் இன்னும் கூலிக்குத்தான் போகிறான்.

கூலிக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றி எழுதக்கூடாது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திரத்தில் சேஷாசலம் காட்டுப் பக்கம், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். யார் குற்றவாளி, எது சட்டம் என்ற வழக்கை இங்கே நான் நடத்தப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: சொந்தக் கொல்லையில் விளைந்ததற்கு நியாயமான விலை கிடைத்திருந்தால், இத்தனை பேர் கோடாலியோடு அடுத்த மாநிலத்துக் காட்டுக்குள் போயிருப்பார்களா? குருத்து காய்ந்ததற்கு மருந்து சொல்லும் யந்திரம் இந்தக் கேள்விக்கு என்ன மருந்து சொல்லும்?

‘இதெல்லாம் சரி ஐயா. ஆனால் மலைக்கு வேளாண்மை அதிகாரி வருவதே அபூர்வம். ஒன்றும் இல்லாததற்கு யந்திரமாவது இருக்கட்டுமே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. ஆனால் தப்பான யோசனை ‘ஒன்றும் இல்லாதது’ அல்ல. அதற்கு விலை உண்டு. பையன் அந்த மருந்தை வாங்கியிருந்தால் கூலிப் பணம் கரைந்திருக்கும். அது போய்ச் சேருவது சரிவிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில். அதிகாரி தப்பாகச் சொன்னால் அவர் சட்டையைப் பிடிக்காவிட்டாலும், அடுத்த முறை வரும்போது முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்கலாம். செல்போனுக்கு முகம் ஏது?

இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எனக்கு இன்னும் பெரிய தலைவலி. ‘மலைவாசியின் பாரம்பரிய ஞானம் போதும், யந்திரம் மலைக்கே வரக்கூடாது’ என்பார்கள். சென்னையில் குளிர்பதன ஓட்டலில் சாமைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு இப்படிப் பேசுவது சுலபம். ஞானம் என்று நீங்கள் புகழ்கிற கிழவி, மழை மாறிப்போன இந்தக் காலத்தில் தன் கணக்கும் தப்புகிறது என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு மழைச் செய்தி வேண்டும். உமி நீக்கும் யந்திரம் வேண்டும். சந்தை விலை தெரிய வேண்டும். அவள் பேரன் செல்போனில் படம் எடுத்ததில் என்ன தவறு? ஒரு தவறும் இல்லை. தெரிந்துகொள்ள அவன் கை நீட்டினான். அந்தக் கையில் நாம் பொய்யை வைத்தோம், அதுதான் தவறு.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. படத்தில் சாமை விட்டுப்போனது போல, பதிவேட்டில் மனிதனே விட்டுப்போகலாம். 2024-ல் மத்திய சர்க்கார் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் விவசாயத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் தருவது குறி. அந்த எண் நிலப் பதிவேட்டோடு பிணைந்தது. பட்டா உள்ளவனுக்குச் சரி. தலைமுறைகளாக உழுதும் பெயரில் நிலம் இல்லாத மலைவாசிக்கு? வன உரிமைச் சட்டம் வந்தது 2006-ல். தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பதற்குக் குறுக்கே 2008-ல் வந்த கோர்ட்டுத் தடை நீங்கியது 2016-ல்தான். இப்படி எட்டு வருஷம் போனது. நிலத்தைப் பதிவு செய்வதில் இத்தனை நிதானம் காட்டிய நாம், எண் கொடுப்பதில் மட்டும் அவசரப்பட்டால் என்ன ஆகும்? உழுகிறவன் யந்திரத்தின் கண்ணில் விவசாயியே இல்லை என்று ஆகும். நிவாரணம், கடன், யோசனை எல்லாம் அந்த எண்ணைத் தேடிப் போகும். மனிதனைத் தேடி வராது.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர் என்று கேட்பீர்கள். அதற்கு விடையும் இந்த மலையிலேயே இருக்கிறது.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம்தான் காவலூர். மலைக்காட்டின் இருட்டையும் தெளிந்த வானத்தையும் தேடிவந்த வைணு பாப்பு என்ற விஞ்ஞானி, 1960-களில் இங்கே வானாராய்ச்சிக்கு அடிகோலினார். 1986-லிருந்து 93 அங்குலத் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதன் அடையாளத்தை 1977-ல் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கே ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பதற்குப் பெயர் வைத்த மலையில், காலடியில் இருக்கும் சாமைக்கு யந்திரம் நெல் என்று பெயர் வைக்கிறதே என்று முதலில் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். தொலைநோக்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனிடம் கற்றுக்கொள்ளத்தான் இருக்கிறது. அது ராத்திரி ராத்திரியாகப் பார்க்கிறது. பார்த்ததைக் குறித்துக்கொள்கிறது. மேகம் மறைத்தால், ‘இன்று தெரியவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. பார்க்காத நட்சத்திரத்துக்கு அது ஜாதகம் எழுதுவதில்லை.

விவசாய யந்திரத்திடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். முதலில் பார், பிறகு பேசு, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

இது நடக்காத காரியம் இல்லை. அந்த பிளான்ட்வில்லேஜ் ஆட்களே, ஆராய்ச்சி அறையில் எடுத்த படங்கள் போதாது என்று கண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். டான்சானியாவில் மரவள்ளி வயல்களில் இறங்கி, செடியில் இருக்கும் இலையை அங்கே இருக்கிற வெயிலிலேயே படம் எடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘நூரு’ என்ற செயலி. ஸ்வாஹிலி மொழியில் வெளிச்சம் என்று பொருள். இண்டர்நெட் எட்டாத வயலிலும் அது வேலை செய்கிறது. ஆப்பிரிக்க மரவள்ளிக்கு முடிந்தது ஜவ்வாது மலைச் சாமைக்கு ஏன் முடியாது? மலையிறங்கினால் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில், சிறுதானியத்துக்கென்றே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மகத்துவ மையம் இருக்கிறது. சாமையை அறிந்த விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள். இன்னும் நன்றாக அறிந்த கிழவிகள் மலைமேல் இருக்கிறார்கள். நடுவே செல்போனோடு அந்தப் பையன் நிற்கிறான். அவனைப் போல நூறு பேருக்குச் சம்பளம் கொடுத்து, விதைப்பிலிருந்து அறுப்பு வரையில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிழவிகளிடம் பெயர் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்கு அவர்களுக்கும் கூலி கொடுங்கள். அந்தப் படமும் பெயரும் மலையின் சொத்து என்று எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு கம்பெனி அதையே பொட்டலம் கட்டி அவர்களுக்கே விற்க வரக்கூடாது. யந்திரத்தின் யோசனையைக் கேட்டு நஷ்டப்பட்டால் யார் ஈடு கொடுப்பது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் சாமைக்கு ஒரு விலை வையுங்கள். அந்தப் பதினான்கைப் பதினைந்து ஆக்குவதற்குச் செயற்கை அறிவு வேண்டியதில்லை. சாதாரண அறிவு போதும்.

புறப்படும்போது கிழவியிடம், “இந்தப் போன் தப்பாகச் சொல்லிவிட்டதே, உங்களுக்குக் கோபமில்லையா?” என்று கேட்டேன்.

“அது என்ன பண்ணும் சாமி? இங்க வந்து பார்த்திருக்குதா?” என்றாள்.

பார்க்காமல் பேசுவது யந்திரத்தின் குற்றம் இல்லை என்று அவள் அதை மன்னித்துவிட்டாள். பார்க்காமலே யந்திரத்தைப் பேச வைத்து மலைக்கு அனுப்பிய நம்மை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.